பல்லு மாட்டுமா, வழுக்குமா? வகுப்பறைக்கு ஏற்ற பற்சில்லு எது

தரம் 4, 5 பிள்ளைகளுக்குப் பற்சில்லைக் கையில் கொடுத்துப் படிப்பிக்க நினைக்கும் மலையக ஆசிரியருக்கு எட்டக்கூடியவை மூன்றுதான்: சோடா மூடி, கார்ட்போட் பெட்டி, கடையில் விற்கும் பிளாஸ்டிக் செட். மூன்றும் ஒரே பாடத்தைச் சொல்லித் தருவதில்லை. பலர் ஏமாறுவது அங்கேதான்.

கண்ணாடிப் போத்தலின் தகர மூடிக்கு 21 பல். எந்தச் சோடாவை வாங்கினாலும் அநேகமாக அதே 21தான். ஆகவே இரண்டு மூடியைச் சேர்த்தால் ஒன்று ஒரு சுற்று சுற்ற மற்றதும் ஒரு சுற்றுத்தான் சுற்றும். வேகம் கூடுவது, குறைவது எதையும் இதில் காட்ட முடியாது. திசையைக் காட்டுவதற்கோ இதைவிட மலிவான பொருள் இல்லை. மூடியை வைத்துக் கடதாசியில் வட்டம் கீறி, வெட்டி, நான்காக மடித்தால் மடிப்புகள் வெட்டும் புள்ளி நடு. அந்த இடத்தில் மேலிருந்து ஆணியால் குத்துங்கள்; பிசிறு மூடிக்குள்ளே போய்விடும், விரலைக் கிழிக்காது. குத்தும் வேலை ஆசிரியருடையது. முதல் மூடியைப் பலகையில் ஆணியடித்துவிட்டு, இரண்டாவதைக் கையால் பல்லோடு பல் மாட்டிப் பார்த்து, ஒரு மயிரிழை தளர்த்தி அடிக்க வேண்டும். ஆணியை முழுதாக இறக்கக் கூடாது. அரைச் சுற்று இறுகி, அரைச் சுற்று வழுக்கினால் துளை நடுவில் இல்லை என்று அர்த்தம். அந்த மூடியை எறிந்துவிட்டு வேறொன்றைக் குத்துவதே லேசு.

மூன்று மூடியை முக்கோணமாக, ஒவ்வொன்றும் மற்ற இரண்டையும் தொடும்படி வைத்துச் சுற்றச் சொல்லுங்கள். அசையாது. நான்கை வளையமாக வைத்தால் சுற்றும். ஏன் என்று பிள்ளைகளே அம்புக்குறி போட்டுக் கண்டுபிடிப்பார்கள். மூடியின் வேலை அத்தோடு முடிந்தது. 20 நிமிடம் போதும்.

கார்ட்போட் பெட்டிக்குத்தான் உழைப்பு கூட, பலனும் கூட. பிஸ்கட் பெட்டி, சவர்க்காரப் பெட்டி எதுவானாலும் சரி. ஒரு பக்கத் தாளை ஈரத்துணியால் துடைத்துச் சற்று விட்டு உரித்தால் உள்ளே நெளிவு தெரியும். (ஆடி மாத ஹட்டன் பனியில் துணிகூடத் தேவைப்படாது.) நன்றாகக் காய்ந்த பிறகு, நெளிவுக்குக் குறுக்கே ஒரு சென்ரிமீற்றர் அகலத்தில் பட்டி வெட்டுங்கள். நெளிவு வெளியே பார்க்க, அட்டை வட்டொன்றின் விளிம்பைச் சுற்றி இந்தப் பட்டியை ஒட்டினால் அதுதான் சில்லு; ஒவ்வொரு நெளிவும் ஒரு பல். பத்து நெளிவை அடிமட்டத்தில் அளந்து பாருங்கள். தடித்த பெட்டியில் ஏறக்குறைய 8 சென்ரிமீற்றர் வரும், மெல்லியதில் குறையும். இரண்டு வகைப் பெட்டியைக் கலந்தால் பற்கள் ஒருநாளும் பொருந்தாது.

நெளிவு 8 மில்லிமீற்றர் என்றால் 18 பல்லுக்கு 14.4 சென்ரிமீற்றர் பட்டி, 4.6 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டு. 36 பல்லுக்கு 28.8 பட்டி, 9.2 வட்டு. ஒவ்வொரு சில்லுக்கும் இரண்டு வட்டை ஒட்டித் தடிப்பாக்க வேண்டும். பட்டியை அளந்து வெட்டாமல் பல்லை எண்ணி வெட்டுங்கள். பதினேழரைப் பல் வந்தால் சில்லு சுற்றுக்கு ஒரு தடவை ஒரே இடத்தில் தடக்கும்.

சின்னச் சில்லுக்கு 12 பல் போதும் என்று தோன்றும், வேண்டாம். பட்டியை வளைக்கும்போது பற்களின் நுனி விரிகிறது. 4 மில்லிமீற்றர் உயர நெளிவில், 12 பல் சில்லின் பற்கள் நடு உயரத்தில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் அகலும். 36 பல் சில்லில் அது மூன்றிலொரு பங்குதான். அந்த வித்தியாசம் சேர்ந்து பல்மேல் பல் ஏறிவிடும். 18க்குக் கீழே இறங்காதீர்கள்.

ஒட்டுவதற்குப் பைண்டர் கம். கோதுமை மாப் பசை மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். உடுப்புக் கிளிப் மாட்டி ஓர் இரவு விட்டுவிட்டு, மறுநாள் பல்லில் மெழுகுதிரி தேயுங்கள். ஈரமும் ஏறாது, உராய்வும் குறையும். மேற்குச் சரிவில் வைகாசி முதல் புரட்டாதி வரையும், பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஐப்பசி முதல் தை வரையும் மழை கூட. அந்த மாதங்களில் செய்தவற்றை பிஸ்கட் தகரத்தில் போட்டு மூடாவிட்டால் திங்கட்கிழமை பல் எல்லாம் தொய்ந்து கிடக்கும்.

18 பல், 36 பல் சில்லு இரண்டையும் சப்பாத்துப் பெட்டியொன்றின் சுவரில் பென்சிலை அச்சாக்கிப் பொருத்தினால் கொழுந்துக் கூடை தூக்கும் யந்திரம் தயார். கூடைக்கு நெருப்புப் பெட்டி, கொழுந்துக்குப் பத்துச் சின்னக் கல். 7 மில்லிமீற்றர் பென்சிலில் ஒரு சுற்றுக்கு 2.2 சென்ரிமீற்றர் நூல் சுற்றும். கைபிடி 18இல், நூல் 36இல் இருந்தால் கைபிடியின் ஒரு சுற்றுக்குக் கூடை 1.1 சென்ரிமீற்றர் ஏறும். மாற்றிப் போட்டால் 4.4. நான்கு மடங்கு வித்தியாசம். பாரமும் விரலில் அப்படியே தெரியும். கல்லைக் கூட்டிக்கொண்டே போனால் முதலில் நசிவது 18 பல் சில்லுத்தான், ஏனென்றால் அதன் ஒவ்வொரு பல்லும் இரட்டிப்புத் தடவை வேலை செய்கிறது. நசிந்த பல்லுக்கு ஒட்டுப் போடாமல் பட்டியையே மாற்றுங்கள்.

பிளாஸ்டிக் செட்டில் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. லெகோ டெக்னிக் வகையில் 8, 16, 24, 40 பல் சில்லுகள் கிடைக்கும், அச்சு மாட்டும் சட்டத்தில் துளைக்குத் துளை 8 மில்லிமீற்றர். 8உம் 24உம் இரண்டு துளைத் தூரத்தில், 8உம் 40உம் மூன்று துளைத் தூரத்தில் சரியாக மாட்டும். 8உம் 16உம் ஒன்றரைத் துளை கேட்கும். நேராக ஒரே வரிசையில் மாட்டாது. இது தெரியாமல் போனால் பாடவேளையில் பாதி அதிலேயே கரையும். 24, 8 சோடி இரண்டை அடுக்கினால் ஒன்பது மடங்கு வேகம்; அட்டையில் இதை நினைக்கவே முடியாது. ஆனால் அச்சுகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்ற கேள்வியைத் தொழிற்சாலையே தீர்த்துவிட்டது, பிள்ளைக்குக் கேட்க ஒன்றும் மிச்சமில்லை. 35 பேருக்கு ஒரு செட் என்றால் நாலு பேர் செய்ய மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். முதலில் தொலைவதும் 8 பல் சில்லு. அது போனால் செட்டின் உயிர் போன மாதிரி.

செட் கையிலிருந்தாலும் அதில் தொடங்க வேண்டாம். ஒரு பாடவேளை மூடி, இரண்டு பாடவேளை அட்டை (நடுவில் கம் காய ஓர் இரவு), அதன் பிறகு செட். ஒரே ஒரு பாடவேளைதான் கிடைக்கும் என்றால் அட்டைச் சில்லுகளை முதல்நாளே ஒட்டி வைத்துவிட்டு, பட்டி எண்ணி வெட்டும் வேலையை மட்டும் பிள்ளைகளிடம் விடுங்கள்.