எட்டு மாதம், 11 பந்தயம், ஒரு ரோடு பைக்

இந்த ரோடு பைக்கை வாங்கும் முன் கண்ணில் பட்ட விமர்சனங்களை எல்லாம் படித்தேன். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் ஓட்டிப் பார்த்தவர்கள் எழுதியவை. எடை எவ்வளவு, ஃப்ரேம் எவ்வளவு விறைப்பு, மேட்டில் எப்படி ஏறுகிறது என்பதெல்லாம் இருந்தது. ஒரு பந்தயப் பருவம் முழுக்க ஓட்டினால் எப்படி இருக்கும், அதுவும் 157 செ.மீ. உயரமும் சின்னக் கையும் உள்ள ஒரு பெண் ஓட்டினால் எப்படி இருக்கும் என்று மட்டும் யாரும் எழுதவில்லை. எட்டு மாதத்தில் 11 பந்தயம், பயிற்சியோடு சேர்த்து 6,400 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். இனி எழுதலாம்.

சைக்கிளைப் பற்றிச் சுருக்கமாக: கார்பன் ஃப்ரேம், அளவு 48. பின்னால் 12 பல்சக்கரம், முன்னால் 50, 34 பல் உள்ள இரண்டு பல்சக்கரம். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். பெடலோடு சேர்த்து 8.1 கிலோ. சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐயின் விதிப்படி பந்தய சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. என்னுடையது அதைவிட 1.3 கிலோ கூடுதல். அந்த 1.3 கிலோவால் தோற்றேன் என்று ஒரு பந்தயத்தைக்கூடச் சொல்ல மாட்டேன். பிரேக் லீவரால் தோற்றவை என்று மூன்றைச் சொல்வேன்.

முதல் மூன்றும் கிரைட்டீரியம் பந்தயங்கள். சின்னச் சுற்றுப் பாதையில் திரும்பத் திரும்ப ஓட்டுவது. முதல் பந்தயத்தில் சுற்று 1.2 கி.மீ., ஒவ்வொரு சுற்றிலும் நான்கு வளைவு, மொத்தம் 21 சுற்று. அதாவது 84 தடவை வளைய வேண்டும். ஒன்பதாவது சுற்றிலேயே கூட்டத்திலிருந்து அறுந்துவிட்டேன். இரண்டாவது பந்தயத்தில் பன்னிரண்டாவது சுற்று வரை தாக்குப்பிடித்தேன். கால் பலம் போதவில்லை என்று நினைத்து, மூன்றாவதற்கு முன் பயிற்சியை இன்னும் கூட்டினேன். அப்போதும் பாதிக்கு மேல் தனியாகத்தான் ஓட்டினேன்.

மிதிக்கும் சக்தியை வாட்ஸ் கணக்கில் அளக்கும் பவர் மீட்டரின் பதிவைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சராசரி வாட்ஸ் என் சக்திக்கு மீறியதாக இல்லை. ஆனால் ஒவ்வொரு வளைவும் முடிந்த இடத்தில் 450, 500 வாட்ஸ் என்று ஊசி மாதிரி ஒரு ஏற்றம். மற்றவர்கள் வேகத்தை விடாமல் வளைவுக்குள் நுழைந்திருக்கிறார்கள். நான் முன்கூட்டியே பிரேக் பிடித்து, இரண்டு சைக்கிள் நீளம் பின்தங்கி, அப்புறம் அந்த இடைவெளியை மூட எழுந்து நின்று மிதித்திருக்கிறேன். முன்னால் போகிறவரின் காற்று மறைவில் ஒட்டிப் போனால் உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். கூட்டம் வேகமெடுக்கும் நொடியில், அந்த மறைவு மிகவும் தேவைப்படும் நொடியில், ஒவ்வொரு சுற்றிலும் நான்கு தடவை அதற்கு வெளியே இருந்திருக்கிறேன். எந்தக் கால் தாங்கும்?

சரி, ஏன் முன்கூட்டியே பிரேக் பிடித்தேன்? சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்து, ஹேண்டில்பாரின் கீழ் வளைவைப் பிடித்துப் பார்த்தேன். ஆள்காட்டி விரலின் நுனிக் கணு மட்டும்தான் லீவரின் விளிம்பைத் தொட்டது. லீவரை இழுக்க வேண்டுமென்றால் உள்ளங்கையைப் பாரிலிருந்து கொஞ்சம் தளர்த்தியாக வேண்டும். 40 கி.மீ. வேகத்தில், இரண்டு பக்கமும் தோளுக்குத் தோள் ஆள் இருக்கும்போது, கைப்பிடியைத் தளர்த்தினால்தான் பிரேக் கிடைக்கும் என்பது உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் கூட்டம் நெருங்கும் முன்பே பிரேக் பிடித்து வைத்துக்கொண்டது. நான் அதற்கு வளைவு பயம் என்று பெயர் வைத்து, மூன்று மாதம் என்மேலேயே கோபமாக இருந்தேன்.

லீவர் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதை ஒரு சின்னத் திருகு தீர்மானிக்கிறது. சில மாடல்களில் லீவரின் மேல்பக்கம் இருக்கும், சிலவற்றில் ரப்பர் மூடியை உரித்தால் தெரியும். ஆலன் கீயால் கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் கையை வைத்துப் பார்த்தேன். விரலின் நடுக்கணு லீவரில் படிந்தபோது நிறுத்தினேன். மொத்தம் பத்து நிமிட வேலை. சைக்கிளைப் பூட்டிக் கொடுத்த இடத்தில் உயரத்தையும் கால் நீளத்தையும் அளந்தார்கள். கையை யாரும் பார்க்கவில்லை. ஒன்றைக் கவனிக்க வேண்டும். லீவரைப் பக்கத்தில் கொண்டுவந்த பிறகு இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். பாரில் முட்டினால் அப்படியே ஓட்டக் கூடாது. பெரும்பாலும் பிரேக் எண்ணெயில் காற்று புகுந்திருக்கும். எனக்கு வலது லீவர் முட்டியது. அந்தக் காற்றை வெளியேற்றிய (ப்ளீட் செய்த) பிறகு சரியானது.

நான்காவது பந்தயத்தில் கூட்டத்தோடு சேர்ந்தே முடித்தேன், 14ஆவது இடம். பயிற்சி அதேதான், கால் அதேதான். பதிவில் அந்த ஊசி ஏற்றங்கள் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தன. வளைவுக்குள் நுழையும்போது முன்னால் போகிறவரின் சக்கரத்தைப் பார்க்காமல் வளைவின் முடிவைப் பார்க்க வேண்டும் என்றும், வெளிப்பக்கப் பெடலைக் கீழே வைத்து அதன்மேல் எடையைப் போட வேண்டும் என்றும் எல்லாரும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். பிரேக் விரலுக்கு எட்டிய பிறகுதான் அதையெல்லாம் செய்ய எனக்கு மனசு வந்தது.

அந்தத் திருகு மற்றவற்றையும் சந்தேகப்பட வைத்தது. சைக்கிளோடு வந்த பாரின் அகலம் மையத்திலிருந்து மையம் 42 செ.மீ.; என் தோள் அகலத்துக்கு 38 போதும். மாற்றியதும் கழுத்து வலி குறைந்தது, கூட்டத்தில் இடைவெளி பார்த்து நுழைவதும் எளிதானது. 2026 ஜனவரி 1 முதல் யூசிஐ சாலைப் பந்தயங்களில் பாரின் வெளிவிளிம்பு அகலம் குறைந்தது 400 மி.மீ. இருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. என் 38 பாரை வெளிவிளிம்பில் அளந்தால் 404, தப்பித்துவிட்டது. ஆனால் என்னைவிடக் குறுகிய தோள் உள்ள பெண்கள் 36 போட்டு ஓட்டுகிறார்கள். ஒரே அளவை எல்லா உடம்புக்கும் பாதுகாப்பு என்று சொல்வது சரியில்லை. எனக்கு இதில் வருத்தம்தான். பெடலைத் தாங்கும் தண்டான கிராங்க்கை 170 மி.மீ.யிலிருந்து 165க்கு மாற்றியதில், குனிந்து மிதிக்கும்போது தொடை வயிற்றில் இடிப்பது நின்றது.

சீட்டைப் பற்றி வெளிப்படையாகவே பேச வேண்டும், பேசாததால்தான் பலர் வலியைப் பொறுத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். இரண்டு மணி நேரம் தாண்டினால் எனக்கு முன்பக்கம் மரத்துப்போகும், அடுத்த நாள் வீக்கம் இருக்கும். கால்சட்டையின் பஞ்சு, கிரீம் என்று எல்லாம் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் ஒரு நெளி அட்டையைப் படிக்கட்டில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, முழங்காலைக் கொஞ்சம் உயர்த்தி எழுந்தேன். அட்டையில் இரண்டு குழி. அவற்றின் நடுவுக்கு நடு அளந்தபோதுதான், என் உட்காரும் எலும்புகளுக்கு அந்த சீட் குறுகல் என்று தெரிந்தது. எலும்பில் இறங்க வேண்டிய எடை மென்மையான இடத்தில் இறங்கியிருக்கிறது. 155 மி.மீ. அகலமும் குட்டை மூக்கும் நடுவில் வெட்டும் உள்ள சீட்டுக்கு மாறினேன். மரத்துப்போவது அன்றோடு சரி.

டயர்: 25 மி.மீ.யை 95 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன். 28 மி.மீ. டியூப்லெஸ், 62 பிஎஸ்ஐ என்று மாறியபின் கரடுமுரடான சாலையில் சைக்கிள் துள்ளவில்லை, ஈரத்தில் பிடிப்பு கூடியது. என் எடை 54 கிலோ. உங்கள் எடைக்கு ஏற்றபடி காற்று மாறும். ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் சீலண்ட் மூன்று மாதத்தில் காய்ந்துவிடுகிறது. அதை மறந்ததால் ஒரு பந்தயத்தை நடுவில் விட்டேன்.

பவர் மீட்டர் பெரிய உதவி, ஆனால் அதன் எண் என்னை ஒரு தப்பான வழியிலும் கூட்டிக்கொண்டு போனது. 20 நிமிடச் சோதனையில் வரும் சராசரியில் 95 சதவீதத்தை எஃப்டிபி, அதாவது ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய சக்தி என்று வைத்துக்கொள்வார்கள். அதை எடையால் வகுத்தால் கிலோவுக்கு எத்தனை வாட்ஸ் என்று வரும். எனக்கு 178 வாட்ஸ், கிலோவுக்கு 3.3. எடையைக் குறைத்தாலும் இந்த எண் ஏறும் அல்லவா? பருவத்தின் நடுவில் சாப்பாட்டைக் குறைத்து 51.5 கிலோவுக்கு வந்தேன். எண் ஏறியது. இரண்டு மாதம் மாதவிடாய் வரவில்லை, தூக்கம் கெட்டது, மாடிப்படி ஏறினாலே கால் கனத்தது. உழைப்புக்கு ஏற்ற ஆற்றல் உடம்புக்குள் போகாவிட்டால் ஹார்மோன், எலும்பு, நோய் எதிர்ப்பு எல்லாமே அடிவாங்கும். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்கு ரெட்-எஸ் என்று தனிப் பெயர் வைத்திருக்கிறது. மருத்துவர் எடுத்துச் சொன்ன பிறகு, ஓட்டும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 60 கிராம் மாவுச்சத்து என்று கணக்கு வைத்துச் சாப்பிட்டேன். எடை திரும்ப 54. பருவத்தின் கடைசிச் சோதனையில் 201 வாட்ஸ். மாதவிடாய் நின்றால், பயிற்சி நன்றாக நடப்பதன் அடையாளம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

ஒன்பதாவது பந்தயம் சாலைப் பந்தயம், 62 கி.மீ. கடைசி 300 மீட்டரில் கூட்டத்தின் முன்வரிசையில் இருந்தேன், உயிரைக் கொடுத்து மிதித்து முதல் ஆளாகக் கோட்டைத் தாண்டினேன். கிடைத்தது மூன்றாவது இடம். பக்கக்காற்று வீசிய பகுதியில் இரண்டு பேர் கூட்டத்தை விட்டு விலகி முன்னால் போயிருக்கிறார்கள், நான் பார்க்கவே இல்லை. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்தது நினைவுக்கு வந்தது. எந்தத் தொழில்முறை அணியிலும் இல்லாத, கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற அன்னா கீசன்ஹோஃபர் தொடக்கத்திலேயே கூட்டத்தை விட்டு முன்னால் போனார். 75 நொடி கழித்து வந்த அன்னமீக் வான் வ்ளூட்டன், முன்னால் ஒருவர் போனது தெரியாமல், தங்கம் தனக்குத்தான் என்று நினைத்துக் கையை உயர்த்தினார். முன்னால் யார் என்று அணி சொல்வதைக் கேட்க அங்கேயும் காதில் ரேடியோ கிடையாது. அடுத்த இரண்டு பந்தயத்திலும், காற்று திசை மாறும் ஒவ்வொரு திருப்பத்திலும் தலையைத் தூக்கி முன்னால் எத்தனை பேர் என்று எண்ணினேன். கடைசிப் பந்தயத்தில் மூன்று பேர் விலகினார்கள். ஒரு திருப்பத்துக்குள் கண்டுபிடித்து ஓடிப்போய் ஒட்டிக்கொண்டேன். நால்வரில் இரண்டாவதாக முடித்தேன்.

தேய்மானம் என்று பார்த்தால், அளவுகோலில் 0.5 சதவீத நீட்சி காட்டியதும் செயினை மாற்றிவிட்டேன், அதனால் பின் பல்சக்கரத் தொகுப்பான கேசட் பிழைத்தது. முன் பிரேக் பேட் ஒரு தடவை மாறியது. சீட் போஸ்ட்டில் கீச்சென்று ஒரு சத்தம் இரண்டு மாதம் பாடாய்ப்படுத்தியது. கழற்றித் துடைத்து, கார்பன் பேஸ்ட் தடவி, டார்க் ரென்ச்சால் சரியான அளவு முறுக்கியதும் போய்விட்டது. சின்ன ஃப்ரேம் என்பதால், மெதுவாகத் திரும்பும்போது முன் சக்கரம் ஷூ நுனியில் உரசுகிறது. இதற்கு வழியில்லை, தொடக்கக் கோட்டில் நிற்கும்போது கவனமாக இருக்கிறேன்.

அடுத்த பருவத்துக்கும் இதே சைக்கிள்தான். பார் டேப்பை உரித்துப் புதிது சுற்றியாகிவிட்டது. ஷூவைப் பெடலில் மாட்டும் கிளீட் தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும்.