'ஹோட்டல் கலிபோர்னியா' 40ஆம் ஆண்டுப் பதிப்பு: பொருள் தேடுவோருக்கு அதில் என்ன இருக்கிறது?

அமெரிக்க ராக் இசைக்குழுவான ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிபோர்னியா' இசைத்தொகுப்பு 1976 டிசம்பர் 8 அன்று வெளிவந்தது. அதன் நாற்பதாம் ஆண்டு நிறைவையொட்டிய சிறப்புப் பதிப்பு 2017 நவம்பரில் வெளியானது. ஒலி எவ்வளவு துலக்கமாக இருக்கிறது, பழைய இசைத்தட்டோடு ஒப்பிட்டால் எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்பன பற்றி அத்துறை அறிந்தோர் நிறைய எழுதிவிட்டார்கள். நான் இதை வாங்கியதற்குக் காரணம் வேறு. தொகுப்பின் தலைப்புப் பாடல் எதைப் பற்றியது என்று ரசிகர்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக வாதிட்டு வருகிறார்கள். அந்த வாதத்தில் நானும் என் நண்பர்களும் பல இரவுகளைச் செலவிட்டிருக்கிறோம். அந்த வாதத்துக்கு இந்தப் பதிப்பு ஏதேனும் வெளிச்சம் தருகிறதா என்ற ஒரே கேள்வியோடுதான் இதைப் பிரித்தேன். இந்த மதிப்புரையும் அந்தக் கேள்வியை விட்டு விலகாது.

பதிப்பு முக்கியமாக இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்று, ஒலி மறுசீரமைக்கப்பட்ட முழுத்தொகுப்பும் பத்து மேடைப் பாடல்களும் அடங்கிய இரட்டைக் குறுந்தட்டு. மற்றது, அவ்விரண்டோடு உயர்தர ஒலியும் 5.1 சூழொலியும் கொண்ட ப்ளூரே தட்டு, கெட்டி அட்டைப் படப்புத்தகம், அக்காலச் சுற்றுப்பயணக் கையேட்டின் நகல், ஒரு சுவரொட்டி ஆகியவை சேர்ந்த பெரிய பெட்டி. என்னிடம் இருப்பது பெட்டி.

பாடல் பிறந்த விதத்தை முதலில் சொல்லிவிடுவது நல்லது; சண்டையின் வேர் அங்கேதான் இருக்கிறது. கலிபோர்னியாவின் மலிபுவில் ஒரு வாடகை வீட்டில் குழுவின் கிதார் கலைஞர் டான் ஃபெல்டர் இதன் இசையைப் பன்னிரண்டு தந்திக் கிதாரில் அமைத்துக் குழுவிடம் கொடுத்தார். அப்போது சொற்களே கிடையாது. 'மெக்சிகன் ரெகே' என்ற தற்காலிகப் பெயர் மட்டும் இருந்தது. பின்னர் குழுவின் பாடகர்களான டான் ஹென்லியும் கிளென் ஃப்ரையும் அதற்குச் சொற்களை எழுதினார்கள். மர்மத் தொலைக்காட்சித் தொடரின் ஓர் அத்தியாயத்தைப் போலப் பாடல் காட்சிக்குக் காட்சி தாவ வேண்டும் என்று விரும்பியதாக ஃப்ரை பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பாலைவன நெடுஞ்சாலை, தூரத்து விளக்கு, வாசலில் ஒரு பெண், நடைவழிக் குரல்கள், விருந்து, ஓட்டம் என்று காட்சிகள் அடுக்கப்படுகின்றன. ஒரு காட்சியிலிருந்து மற்றொன்றுக்கு ஏன் போகிறோம் என்று எங்கும் விளக்கப்படவில்லை. இது சொர்க்கமாக இருக்குமோ, நரகமாக இருக்குமோ என்று வாசலில் நிற்கும் பயணியே ஐயுறுகிறான். ஐயம் நாம் கொண்டுவந்து ஏற்றியதன்று. பாடல் தன்னுள்ளேயே அதை வைத்திருக்கிறது.

இந்த இடைவெளியில்தான் உரைகள் பெருகின. விடுதி என்பது கலிபோர்னியாவின் காமரில்லோ மனநல மருத்துவமனையைக் குறிக்கிறது என்றார்கள் சிலர். மெக்சிகோவின் தோதோஸ் சாந்தோஸ் ஊரில் உள்ள அதே பெயருடைய விடுதிதான் இது என்றார்கள் வேறு சிலர். அந்த விடுதி மீது குழுவினர் 2017இல் வழக்குத் தொடுத்தனர். மறு ஆண்டு அது சமரசத்தில் முடிந்தது. தொகுப்பின் உட்புறப் படத்தில் மாடத்தில் தெரியும் நிழலுருவம் சாத்தான் சபையை நிறுவிய ஆன்டன் லாவே என்று ஒரு வதந்தியும் உலவியது. இவை எல்லாமே பாடலின் சொற்களுக்கு வெளியே ஆதாரம் தேடுபவை. முகப்பில் இருப்பது பெவர்லி ஹில்ஸ் ஹோட்டல் என்பதும், உள்ளே இருப்பது ஹாலிவுட்டின் லைடோ ஹோட்டல் என்பதும் தெரிந்த பிறகும் ஒரு வரிகூடத் தெளிவாகவில்லை என்பதே இவ்வழி எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது என்பதற்குப் போதுமான சான்று.

சொற்களுக்குள் நின்று வாதிடுவதே பயனுள்ளது. அங்கே உண்மையான கனம் இருக்கிறது. பயணி தன் வைன் மதுவைக் கேட்கிறான்; அந்த 'ஸ்பிரிட்' 1969க்குப் பிறகு எங்களிடம் இல்லை என்று பதில் வருகிறது. வைன் என்பது நொதிக்கவைப்பது, வடிப்பதன்று. ஆகவே அதை ஸ்பிரிட் என்பது பிழை என்று ஒரு பத்திரிகை நேர்காணலில் 2009இல் ஹென்லியிடமே கேட்டார்கள். அந்த வரி மதுவைப் பற்றியதே அன்று, அது ஒரு சமூக விமரிசனம் என்பதே அவர் பதிலின் சாரம். ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்லுக்குள் வடித்த மதுவும் ஆன்மாவும் ஒரு காலத்தின் எழுச்சியும் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. தமிழில் 'ஆவி' என்று சொன்னால் உயிரும் நீராவியும் பேயும் வருகின்றன, மது வராது. இதனால் தமிழில் இப்பாடலை விளக்க முயலும் எவரும் அந்த வரியில் ஒரு பாதியைக் கைவிட வேண்டியிருக்கிறது. 1969 என்ற எண்ணும் தற்செயலாக வந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். அவ்வாண்டு ஆகஸ்டில் வுட்ஸ்டாக் இசை விழா நடந்தது. டிசம்பரில் ஆல்டமான்ட் இசை நிகழ்ச்சியில் ஒருவர் மேடைக்கு முன்னே குத்திக் கொல்லப்பட்டார். ஒரு தலைமுறையின் நம்பிக்கை ஏறியதும் இறங்கியதும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன. பரிமாறுபவர் 'சரக்கு தீர்ந்துவிட்டது' என்று சாதாரணமாகச் சொல்லும் தொனியில் அந்த இழப்பு வெளிப்படுவதுதான் இவ்வரியின் வலிமை. மறுசீரமைத்த ஒலியில் ஹென்லி இவ்விடத்தை எவ்வளவு தட்டையாக, உணர்ச்சி காட்டாமல் பாடுகிறார் என்பதை இம்முறைதான் கவனித்தேன். இதற்கு முன் பலமுறை கேட்டும் அது என் காதில் விழுந்ததில்லை.

பிற சொற்சண்டைகள் இவ்வளவு ஆழமானவை அல்ல. காற்றில் வரும் 'கோலித்தாஸ்' மணம் எது என்பது ஒரு கேள்வி. ஸ்பானிய மொழியில் அச்சொல் சிறு வால்கள் என்று பொருள்படும். சிறு மொட்டுகள் என்று குழுவின் பயண மேலாளர் மொழிபெயர்த்துச் சொன்னதாகக் குழுவின் மேலாளர் இர்விங் அசாஃப் விளக்கியிருக்கிறார். கஞ்சாச் செடியின் மொட்டு என்று கொள்வோர் பக்கமே சாய்வு அதிகம். எஃகுக் ('ஸ்டீலி') கத்திகளால் குத்தியும் விலங்கைக் கொல்ல முடியாத விருந்துக் காட்சியில் ஸ்டீலி டான் என்ற மற்றொரு ராக் குழுவுக்கு ஒரு சிறு கண்சிமிட்டல் இருக்கிறது. அதே 1976இல் அவர்கள் தம் பாடலொன்றில் ஈகிள்ஸ் பெயரைச் சொல்லிச் சீண்டியதற்கு அது பதில். 'மெர்சிடிஸ் பெண்ட்ஸ்' என்ற தொடரைப் பலர் பிழையான எழுத்து என்று எண்ணி 'பென்ஸ்' எனத் திருத்தி எழுதிவிடுகிறார்கள். அத்திருத்தம் பாடலைக் கெடுக்கிறது. காரின் பெயரும், ஆழ்கடலிலிருந்து வேகமாக மேலேறும் முக்குளிப்போருக்கு வரும் நோயின் பெயரும் அங்கே வேண்டுமென்றே கலக்கப்பட்டுள்ளன; வசதியே நோயாகிவிட்ட ஒரு பெண்ணைப் பற்றிய வருணனை அது. இதைப் பாடபேதமாகக் கருதிக் காப்பாற்ற வேண்டுமே தவிரத் திருத்தக் கூடாது.

கடைசி வரிக்கு வருவோம். எப்போது வேண்டுமானாலும் 'செக் அவுட்' செய்யலாம், ஆனால் போக மட்டும் முடியாது என்று இரவுக் காவலன் சொல்கிறான். அறையைக் காலி செய்வது என்று மட்டும் எடுத்துக்கொண்டால் அது ஒரு விடுகதையாகவே நிற்கிறது. இறந்துபோவது என்ற பேச்சுவழக்குப் பொருளையும் சேர்த்துக்கொண்டால் வரி இருண்டுவிடுகிறது. இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. 'கணக்கை முடித்துக்கொள்ளலாம்' என்று சொல்லிப் பாருங்கள். விடுதிக் கணக்கும் ஆயுள் கணக்கும் அதே சொற்களில் அடங்குகின்றன. 'ஸ்பிரிட்' வரியில் இழந்ததை இந்த வரியில் நாம் திரும்பப் பெறுகிறோம். போதைக்கு அடிமையாவதைப் பற்றியதே இப்பாடல் என்று நான் நெடுங்காலம் உறுதியாக வாதிட்டதற்கு இந்த வரியே என் பிடிமானமாக இருந்தது. அதைவிட வலுவான சான்று வேறெங்கும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

அந்த உறுதியை அசைத்தது இந்தப் பதிப்பு. காரணம் மிக எளியது: இது பாடலைத் தனியாகத் தராமல் தொகுப்புக்குள் திரும்ப வைக்கிறது. வானொலியிலும் கைப்பேசியிலும் தனித்துக் கேட்டுப் பழகியவர்கள், ஒன்பது தடங்கள் கொண்ட ஒரு வரிசையின் முதல் தடம் இது என்பதையே மறந்திருக்கலாம். ஒன்பதாவது தடம் 'தி லாஸ்ட் ரிசார்ட்', ஏழு நிமிடத்துக்கும் மேல் ஓடும் பாடல். ரோட் ஐலண்டின் ப்ராவிடன்ஸிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்படும் ஒரு பெண்ணில் தொடங்கி, மண்ணின் மக்கள் விரட்டப்படுவதையும், அழகிய கரைகளில் கட்டடங்கள் முளைப்பதையும் கடந்து, ஹவாய்த் தீவுகளின் லஹைனா வரை அது செல்கிறது. ஓரிடத்தைச் சொர்க்கம் என்று அழைத்துவிட்டால் அதை இழக்க ஆயத்தமாகுங்கள் என்ற எச்சரிக்கையை நோக்கி நகர்கிறது. ப்ராவிடன்ஸ் என்பது ஊர்ப்பெயர், இறையருள் என்றும் பொருள். ரிசார்ட் என்பது உல்லாச விடுதி. 'லாஸ்ட்' என்ற சொல்லோடு சேர்ந்தால் வேறு வழியற்ற நிலையில் பற்றும் கடைசிப் புகல். ஒரே தொகுப்பின் முதல் பாடலும் கடைசிப் பாடலும் விடுதிப் பெயரைத் தலைப்பாக வைத்து, இரண்டிலும் ஒரு சொல்லில் இரு பொருள் ஏற்றும் உத்தியே கையாளப்பட்டிருக்கிறது என்றால், எழுதியவர்கள் தற்செயலாகச் செய்திருக்கிறார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. முதல் பாடலில் தனி மனிதன் மாட்டிக்கொள்கிறான். கடைசிப் பாடலில் ஒரு நாடே மாட்டிக்கொள்கிறது. அறியாமையிலிருந்து அனுபவத்துக்குச் செல்லும் பயணம் இது என்று ஹென்லி சொல்லிவந்ததைச் சுருக்கப் பதில் என்று முன்பு ஒதுக்கியிருந்தேன். ஒன்பது தடங்களையும் இடைவெளியின்றிக் கேட்டபின் அது பொருத்தமான பதில் என்று ஏற்கிறேன். போதை அந்தப் பொருளின் ஓர் அறை மட்டுமே.

பெட்டியின் பெருங்குறையையும் சொல்ல வேண்டும். பெரிதும் படங்களை நம்பிய அந்தப் புத்தகம் அழகானது, தாள் தடிமனானது, அச்சு நேர்த்தியானது. ஆனால் பொருள் தேடும் ரசிகருக்குப் படம் உதவாது, கையெழுத்துப் படிகளே உதவும். அப்படிகள் இருக்கின்றன என்பது உலகறிந்த செய்தி. இத்தொகுப்பின் பாடல்களுக்காக ஹென்லி எழுதிய குறிப்புத் தாள்கள் ஏறத்தாழ நூறு பக்கம் யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றி நியூயார்க்கில் நடந்த குற்ற வழக்கு 2024 மார்ச்சில் இடையிலேயே கைவிடப்பட்டது. உரிமைத் தகராறு அன்றே இருந்தமையால் 2017இல் அத்தாள்களை அச்சிட்டிருக்க முடியாது என்பது நியாயமான வாதம். ஆயினும் ஃபெல்டர் முதலில் பதிந்த சொல்லற்ற ஒலிநாடா, பாதி எழுதிய நிலையில் பாடிப்பார்த்த ஒத்திகை போன்று ஒரு தடம்கூட இல்லாதது இவ்வளவு பெரிய பெட்டிக்கு ஏமாற்றமே. எந்த வரி முதலில் வந்தது, எது அடிக்கப்பட்டது என்பதற்கு ஒரு சிறு தடயம் கிடைத்திருந்தால் நாற்பது ஆண்டு வாதம் ஒரு படி முன்னே நகர்ந்திருக்கும். ஆகவே பொருள் தேடுபவர்களுக்கு இரட்டைக் குறுந்தட்டே போதும். பெட்டியின் கூடுதல் விலை காதுக்கும் கண்ணுக்கும் உரியது.

இரட்டைத் தட்டில் இரண்டாவதை மட்டும் எவரும் தவிர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது 1976 அக்டோபரில், அதாவது தொகுப்பு கடைக்கு வருவதற்கு முன்பே, லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம் அரங்கில் பதிந்தது. அரங்கில் அமர்ந்திருந்தோர் முன்னால் முகப்புப் படம் இல்லை, வதந்தி இல்லை, ஓர் உரையும் இல்லை. அந்தச் சொற்கள் அவர்கள் காதில் முதன்முறையாக விழுகின்றன. நாம் ஒருபோதும் கேட்க முடியாத நிலையில் அவர்கள் இப்பாடலைக் கேட்கிறார்கள் என்ற எண்ணத்தோடு அதைக் கேட்கும்போது, நன்கு தெரிந்த வரிகளும் எனக்குப் புதிதாக, சற்று அச்சமூட்டுவதாக ஒலித்தன.

இன்னொன்றும் அங்கே உண்டு. ஆறரை நிமிடம் ஓடும் அசல் பதிவில், காவலனின் சொல்லுக்குப் பிறகு ஃபெல்டரும் குழுவின் மற்றொரு கிதார் கலைஞர் ஜோ வால்ஷும் மாறி மாறியும் சேர்ந்தும் ஏறத்தாழ இரண்டு நிமிடம் கிதார் வாசிக்கிறார்கள்; அது முடிவதில்லை, வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒலி தேய்ந்து மறைகிறது. போக முடியாது என்று சொன்ன பாடல் உண்மையாகவே எங்கும் போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மேடையில் ஒலியைத் தேய்த்து மறைக்க வழியில்லை; எங்கேனும் ஒரு தாளத்தில் நிறுத்தியே ஆக வேண்டும். ஒரே பாடலின் இவ்விரு முடிவுகளையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்கும் வாய்ப்பை இந்தப் பதிப்பு தருகிறது. நண்பர்களோடு வாதம் மீண்டும் தொடங்கியபோது, சொற்களை விட்டுவிட்டு அந்தக் கடைசி இரண்டு நிமிடங்களைத்தான் நான் முதலில் ஒலிக்கவிட்டேன்.