மூச்சுக்கு எந்த முத்திரை?

நுரையீரலைக் கீழ், நடு, மேல் என மூன்றாகப் பகுத்து மூச்சிழுக்கக் கற்பிக்கும் விபாகப் பிராணாயாமத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கைமுத்திரை உண்டு. புதுச்சேரியில் சுவாமி கீதானந்தர் நிறுவிய ஆனந்த ஆசிரமத்தின் வழிவந்தவர்கள் இதை இன்றும் முறையாகக் கற்பிக்கிறார்கள். முழங்காலை மடக்கிக் குதிகால்மேல் உட்காரும் வஜ்ராசனத்தில் அமர்ந்து, கைகளைத் தொடைமேல் வைத்துச் செய்வது வழக்கம்.

பெருவிரலும் சுட்டுவிரலும் நுனியில் தொட, மற்ற மூன்றும் நீண்டிருப்பது சின் முத்திரை. சிவாலயங்களின் தென்புறச் சுவரில் தட்சிணாமூர்த்தியின் கையில் நாம் காண்பதும் இதுவே. இது வயிற்று மூச்சுக்குரியது. உதரவிதானம் கீழிறங்கும்போது வயிறு முன்வந்து, நுரையீரலின் அடிப்பகுதி நன்கு விரிகிறது. நிமிர்ந்து அமர்ந்திருப்பவருக்கு இரத்த ஓட்டமும் அங்கேதான் மிகுதி என்பதால், பயிற்சியை இதிலிருந்து தொடங்குவதே சரி என்பேன். அந்த மூன்று விரல்களையும் உள்ளங்கைக்குள் மடக்கினால் சின்மய முத்திரை. கவனம் விலாவுக்கு ஏறுகிறது. பெருவிரலை உள்ளே வைத்து மற்ற நான்கையும் அதன்மேல் மூடும் ஆதி முத்திரை மேல்மார்புக்கானது. இதில் கழுத்துத் தசைகள் அதிகம் உழைத்தும் உள்ளே செல்லும் காற்று குறைவு. சில சுற்றுகள் போதும்.

விரல் மடங்கியவுடன் காற்று தானாக இடம் மாறிவிடும் என்று சொல்லிக்கொடுப்பதை நான் ஏற்பதில்லை. முத்திரை செய்வது கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவதே. மூச்சு அந்தக் கவனத்தைப் பின்தொடர்கிறது. ஆகவே, வயிறு அசைகிறதா மார்பு அசைகிறதா என்றே இன்னும் பிரித்தறியாத புதியவருக்கு, ஒரு கையை வயிற்றிலும் மற்றொன்றை மார்பிலும் வைத்துப் பார்க்கும் எளிய முறை எந்த முத்திரையையும்விட நன்றாக உதவும், ஏனென்றால் தவறு உடனே கைக்குத் தெரிந்துவிடுகிறது. அசைவு பிடிபட்ட பிறகு கைகளைத் தொடைக்கு இறக்கினால், தோளும் தளர்ந்து, முத்திரைக்கு உண்மையான பயன் கிடைக்கிறது.

இரு நாசிகளிலும் மாறி மாறி மூச்சுவிடும் நாடிசுத்திக்கான நாசிகா முத்திரை இவற்றோடு ஒப்பிடத் தக்கதன்று. சுட்டுவிரலையும் நடுவிரலையும் மடித்து, பெருவிரலால் வலநாசியையும் மோதிரவிரலால் இடநாசியையும் மாற்றி மாற்றி மூடும்போது, காற்றின் வழியைக் கையே நேரடியாக ஆள்கிறது. மூச்சை மெதுவாக்க விரும்புவோருக்கு இது நல்ல துணை. ஆனால் தூக்கிய கை விரைவில் சோர்ந்து, முதுகு வளையத் தொடங்கும்.

மூடிய இரு கைகளையும் விரல்கணுக்கள் ஒன்றோடொன்று பொருந்த நாபியருகே சேர்க்கும் பிரம்ம முத்திரை முழுமூச்சுக்குரியது. மூன்று பகுதிகளும் தனித்தனியே வசப்பட்டவருக்கே அதைச் சொல்லித்தருகிறேன். அதுவரை சின் முத்திரையிலேயே நாள்தோறும் அமரச் சொல்கிறேன்.