சின்ன பாட்களில் என்ன தேறும்? இலவச போக்கர் ஆப்பில் சில வருட அனுபவம்

காசு வைத்து ஆடுவதைப் பற்றிய பகிர்வு இல்லை இது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் 2025-ல் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய கையோடு, இந்தியாவில் பெரிய தளங்கள் பண மேஜைகளை மூடிவிட்டன. நான் இப்போது ஆடுவது இலவச சிப்ஸ் தருகிற ஒரு ஆப்பில். டெக்சாஸ் ஹோல்டம், ஆறு பேர் மேஜை: ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், எல்லாருக்கும் பொதுவாக நடுவில் ஐந்து. அந்த ஐந்தில் முதல் மூன்று ஃபிளாப், அடுத்தது டர்ன், கடைசி ரிவர்; ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு. வேலை திருப்பூரில், பனியன் கம்பெனியில் கணக்கு. ராத்திரி சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் ஆட்டம், அவ்வளவுதான். ஆப்பின் பெயர் வேண்டாம். இந்த வகை ஆப்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான்.

இத்தனை நாள் ஆடியதில் எனக்குப் பிடிபட்டது சின்ன பாட்களின், அதாவது நடுவில் கொஞ்சம் சிப்ஸே சேருகிற ஆட்டங்களின் அருமை. ஒருவர் கையில் ஏஸ் ஜோடி, இன்னொருவர் கையில் ராஜா ஜோடி என்றால் யார் ஆடினாலும் சிப்ஸ் முழுக்க நடுவில் போய்விடும். அதில் திறமைக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் ஜோடி இல்லாத இரண்டு சீட்டை வைத்துக்கொண்டு ஃபிளாப் பார்த்தால், ஏறக்குறைய மூன்றில் இரண்டு தடவை ஒன்றும் சேராது. எதிராளிக்கும் அதே கதைதான். ஆக, பெரும்பாலான ஆட்டங்கள் இருவர் கையிலும் உருப்படியாக ஒன்றும் இல்லாமல்தான் ஓடுகின்றன. பீஸுக்கு ஒன்றரை ரூபாய் நிற்கிற ஆர்டரை வைத்தே வருஷம் முழுக்க ஓட்டுகிற கம்பெனிகளை இங்கே தெருவுக்குத் தெரு பார்க்கலாம். அந்தக் கணக்கு புரிந்தவருக்கு இதுவும் புரியும்.

எனக்கு அதிகம் தேறியது ரிவரில். ஒரு கையை, அதாவது ஒரு சுற்று ஆட்டத்தைச் சொல்கிறேன். பிளைண்ட், அதாவது சீட்டு பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாக வைக்கும் சிப்ஸ், 50-100. நான் பட்டனில் (ஃபிளாப் முதல் கடைசியாக ஆடுகிற இடம்), கையில் ஏஸும் எட்டும். 250-க்கு ரெய்ஸ் (பந்தயத்தை உயர்த்துவது); பிக் பிளைண்ட், அதாவது 100 வைத்தவர், மட்டும் கால் (அதே அளவு தானும் வைப்பது). இன்னொருவரின் 50-ஐயும் சேர்த்து பாட் 550. ஃபிளாப்பில் ராணி, எட்டு, மூன்று; மூன்று சீட்டும் வேறு வேறு ஜாதி. அவர் செக் (பந்தயம் வைக்காமல் விடுவது), நான் 200, அவர் கால். பாட் 950. டர்னில் நான்கு வந்தது, இருவரும் செக். ரிவரில் இரண்டு. அவர் மறுபடியும் செக். இங்கே நிறையப் பேர் தானும் செக் செய்து சீட்டைத் திறந்துவிடுவார்கள். நான் 400 வைப்பேன். கையில் ராணி இருந்தால் டர்னிலோ ரிவரிலோ அவரே பந்தயம் வைத்திருக்க வாய்ப்பு அதிகம். எட்டோடு சின்னத் துணைச்சீட்டு, ஐந்து ஜோடி, ஆறு ஜோடி, மூன்று வைத்திருப்பவர் எல்லாம் "சரி, பார்த்துடலாம்" என்று கால் போடுவார்கள், இலவச மேஜையில் கேட்கவே வேண்டாம். கடைசியாகப் பேசுவது நான் என்பதால், கால் வருகிற தடவைகளில் பாதிக்கு மேல் ஜெயித்தாலே அந்த 400 லாபக் கணக்குதான். எதிராளி செக் செய்துவிட்டு மேலே ரெய்ஸ் அடித்தால்? அந்த மேஜைகளில் அப்படி ரெய்ஸ் வந்தால் கையில் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். கீழே வைத்துவிட்டு அடுத்த கைக்குப் போய்விடுவேன்.

பெருந்துறைக்காரத் தம்பி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்ணா, நானூறு சிப்ஸுக்கா இவ்வளவு யோசனை?" ஆமாம், அதற்குத்தான்.

பிளஃப், அதாவது வெறும் கையோடு பந்தயம் வைத்து எதிராளியை விலகவைக்கிற விஷயத்தில் ஆப்புக்கு ஆப் வித்தியாசம் இல்லை, மேஜைக்கு மேஜை உண்டு. பாட் அளவில் பாதியை வைத்து பிளஃப் செய்தால், மூன்றில் ஒரு தடவையாவது எதிராளி ஃபோல்ட் செய்யவேண்டும், அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலகவேண்டும். மூன்றில் ஒரு பங்கு வைத்தால் நான்கில் ஒரு தடவை போதும். அடிமட்ட மேஜையில் அதுவும் நடக்காது, ஓசி சிப்ஸ்தானே என்று எல்லாவற்றுக்கும் கால். அங்கே ஒன்றுமில்லாத கையோடு பந்தயம் வைப்பது வீண். நடுத்தர ஜோடி இருந்தால் தாராளமாக வைக்கலாம். நாள்கணக்கில் சேர்த்த சிப்ஸோடு உட்காருகிற மேல் மேஜைகளில் ஆட்கள் கொஞ்சம் பயப்படுகிறார்கள். அங்கே ராஜா-ஏழு-இரண்டு மாதிரி ஒன்றோடொன்று சேராத, வறண்ட ஃபிளாப்பில் மூன்றில் ஒரு பங்கு வைத்தால் பல தடவை அங்கேயே முடிந்துவிடுகிறது.

இன்னொன்று, திரையில் மட்டுமே கிடைக்கிற ஒரு துப்பு. 'செக்/ஃபோல்ட்' பட்டனை முன்கூட்டியே அமுக்கி வைத்திருப்பவரின் செக், கண் இமைப்பதற்குள் வந்து விழும்; பந்தயம் வந்தால் விலகிவிட அவர் ஏற்கெனவே தயார் என்று அர்த்தம். ஃபிளாப்பில் பிக் பிளைண்ட் அப்படிச் செக் செய்தால், பாட் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் நான் விடுவதில்லை. இந்த ஒரு இடத்தில் மட்டும் அடிமட்ட மேஜையிலும் வெறும் கையோடு வைப்பேன்.

பண மேஜைக் காலத்தில் சின்ன பாட்களுக்கு ஒரு சாபம் இருந்தது. தளம் எடுக்கிற கமிஷன், அதாவது ரேக், பொதுவாக பாட் அளவில் இத்தனை சதவீதம், அதற்கு ஒரு உச்சவரம்பு என்று இருக்கும். உச்சவரம்பால் தப்பிப்பது பெரிய பாட் மட்டுமே. சின்னது முழுச் சதவீதத்தையும் கட்டும். ஃபிளாப் விழுவதற்கு முன்பே முடிந்தால் ரேக் கிடையாது என்பது பரவலான நடைமுறை, அதனால் பிளைண்டைத் திருடுவதற்கு, அதாவது ஃபிளாப்புக்கு முன்பே ரெய்ஸ் செய்து எல்லாரையும் விலகவைத்து பிளைண்ட் சிப்ஸை அள்ளுவதற்குத் தனி மவுசு. அப்புறம் ஏப்ரல் 2023 முதல் நிகர வெற்றியில் 30 சதவீத டிடிஎஸ், அக்டோபர் 2023 முதல் போடுகிற பணத்துக்கு 28 சதவீத ஜிஎஸ்டி. பைசா பைசாவாகச் சேர்க்கிற ஆட்டத்துக்கு அதிலேயே மூச்சு நின்றுவிட்டது என்பேன். சோமனூரில் தறி ஓட்டுகிற நண்பருக்கு ஷிப்ட் முடிந்த பிறகுதான் ஆட்டம். தமிழக அரசின் 2025 விதிகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டத்தை நிறுத்தியதும் அவர் கடையைக் கட்டிவிட்டார்.

இலவச ஆப்பில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. குறைகள் வேறு. பந்தயப் பட்டன்களில் பாதி, முக்கால், முழு பாட், ஆல்-இன் (கையிலிருக்கிற சிப்ஸ் முழுவதும்) மட்டும் உண்டு. சின்ன பாட்டுக்கு அதிகம் தேவைப்படும் மூன்றில் ஒரு பங்கு இல்லை. பக்கத்தில் உள்ள கம்பியை விரலால் இழுக்கவேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்து இழுத்தால் குலுங்கலில் ஆல்-இன் போய் நிற்கும். ஆடி முடித்த கைகளின் பதிவும் கொஞ்சம்தான் நிற்கிறது. பிறகு அலசிப் பார்க்க நினைத்தால் நோட்டில் எழுதிக்கொள்வதே வழி. எதிராளிக்குக் குறிப்பு எழுதும் வசதி இருக்கிறது, அது நன்றாகவே வேலை செய்கிறது.

சிப்ஸ் தீர்ந்தால் காசுக்கு வாங்கச் சொல்லி ஒரு பெட்டி குதிக்கும். வாங்காதீர்கள், அந்தச் சிப்ஸைத் திரும்பக் காசாக்க வழியே கிடையாது. தினம் ஒருமுறை ஓசியில் தருவதே சின்ன பிளைண்ட் மேஜைக்குத் தாராளம். அமைப்புகளுக்குள் போய் பந்தயத்தை உறுதி செய்யக் கேட்கிற வசதியையும் போட்டுவிடுங்கள். ஒரு தட்டு கூடுதல், ஆனால் பஸ்ஸில் விரல் வழுக்கினாலும் சிப்ஸ் மிச்சமாகும்.