சரக்கொன்றையுடன் 11 ஆண்டுகள்

விதையிலிருந்து நான் வளர்த்த சரக்கொன்றைக்கு இப்போது 11 வயது. வாசலுக்கு நிழலும் வேண்டும், கண்ணுக்குப் பூவும் வேண்டும் என்று எண்ணி வைத்த மரம் இது. பூவில் அது எனக்குக் குறை வைக்கவே இல்லை. நிழலைப் பற்றித்தான், நடப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது.

முதிர்ந்த காயை உடைத்தால் குறுக்குத் தட்டுகளால் பிரிந்த சிறு சிறு அறைகள் தெரியும். ஒவ்வோர் அறையிலும் கரிய பிசுபிசுப்பான சதையோடு தட்டையான ஒரு விதை இருக்கும். முதல் முறை அந்த விதைகளைக் கழுவி நேராக மண்ணில் ஊன்றினேன். இரண்டு மாதம் கழித்துத் தோண்டிப் பார்த்தபோது போட்டவை போட்டபடியே கல்லாகக் கிடந்தன. நீரை உள்ளே விடாத கடினமான விதையுறைதான் காரணம். மறுமுறை, ஒவ்வொரு விதையின் ஓரத்தையும் உள்ளிருக்கும் வெளிர் நிறம் தெரியும்வரை உப்புத்தாளில் தேய்த்து, இரவு முழுவதும் நீரில் ஊற வைத்தேன். காலையில் நன்றாக உப்பியிருந்தவை, பத்து நாளில் முளைவிட்டன.

ஆணிவேர் விரைவாக இறங்கும் மரம் என்பதால் கன்றைத் தொட்டியில் நெடுநாள் வைத்திருக்கக் கூடாது. நான் தாமதித்து நட்ட கன்று ஒன்று, வேர் சுருண்டுபோனதால் பிடிப்பில்லாமல் முதல் பெருங்காற்றிலேயே சாய்ந்துவிட்டது. உரிய காலத்தில் நட்டதற்கு இரண்டு கோடைகள் மட்டும் வாரம் இருமுறை நீர் ஊற்றினேன்; அதன்பின் மழையே போதுமானதாக இருந்தது. முதல் பூவுக்கு ஏழு ஆண்டுகள் காத்திருந்தேன். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த மரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் பூத்த மரத்தின் அடியில் நின்றவர்களுக்கு அந்தக் காத்திருப்பு பெரிதாகத் தோன்றாது. ஒரு முழ நீளத்துக்குத் தொங்கும் சரங்களில் மேலே உள்ள பூக்கள் முதலில் விரிய, நுனியில் மொட்டுகள் உருண்டை உருண்டையாகக் காத்திருக்கும். ஒரு பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள்: ஐந்து மஞ்சள் இதழ்களுக்கு நடுவே பத்து மகரந்தத் தாள்கள், அவற்றில் மூன்று மட்டும் நீண்டு, கொக்கிபோல் மேல்நோக்கி வளைந்திருக்கும். பெரிய கருவண்டு வந்து பூவைப் பற்றிக்கொண்டதும் அதன் ரீங்காரம் சட்டென்று மாறும். உடலை அதிரச் செய்து அது மகரந்தத்தை உதிர்க்கும் ஓசை அது. காலை வேளைகளில் அந்த ஓசைக்காகவே நான் மரத்தடிக்குப் போவதுண்டு.

இனி நிழல். வெயில் கொளுத்தும் நாட்களில்தான் சரக்கொன்றை இலைகளை ஏறக்குறைய முழுவதும் உதிர்த்துவிட்டுப் பூக்கிறது; நிழல் மிகவும் தேவைப்படும் அந்த வாரங்களில் தரையில் விழுவது சல்லடை நிழல் மட்டுமே. பூ முடிந்து தழை அடர்ந்த பிறகு கிடைக்கும் நிழல் நல்ல நிழல்தான், என்றாலும் அது காலம் தாழ்ந்து வருவது. கிளைகளை ஒழுங்குபடுத்த எண்ணி ஓர் ஆண்டு கோடைக்குச் சற்று முன் கழித்துவிட்டேன். அந்தப் பக்கம் அவ்வாண்டு ஒரு சரம்கூட வரவில்லை. பூப்பருவம் முடிந்த பிறகே அரிவாளை எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் துளிர்களைத் தின்னும் பச்சைப் புழுக்களுக்கு நான் மருந்து அடிப்பதில்லை. அவை வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளாகிப் பறந்துவிடும், மரமும் சில வாரங்களில் மறுபடி தழைத்துவிடும். கரிய நீளக் காய்கள் விழுந்ததும் அவ்வப்போது கூட்டி அள்ளிவிடுகிறேன். அவற்றின் சதை பேதி உண்டாக்கும் என்பதால், சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் அலட்சியம் கூடாது.

சென்ற ஆண்டு மேற்குப் பக்கத்தில் ஒரு புங்கங்கன்று நட்டிருக்கிறேன். இலை உதிர்த்த சில நாட்களிலேயே தளிர்த்துவிடும் அதுவே கோடை வெயிலுக்குத் தோதானது. ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் இருக்கிறது, தேவையும் நிழல்தான் என்றால் புங்கத்தையே நடுங்கள். இரண்டுக்கு இடம் இருந்தால் சரக்கொன்றையை வாசலிலிருந்து பார்வைக்குப் படும்படி வையுங்கள்.