பவர்பாயிண்ட் மார்ஃப்: ஆறு வருடமாக இதில்தான் பாடம் செய்கிறேன்

இணையவழிப் பாடங்களுக்கு ஸ்லைடு செய்வதுதான் எனக்கு முழுநேர வேலை. வீடியோ எடிட்டிங் மென்பொருள் கையில் இருந்தும் பெரும்பாலான வேலையைப் பவர்பாயிண்டிலேயே முடிக்கிறேன். காரணம் எளிது. பாடம் எழுதியவர் நாளைக்கு ஒரு வரியைத் திருத்த நினைத்தால், யாரையும் கேட்காமல் ஸ்லைடைத் திறந்து தானே திருத்திக்கொள்ளலாம்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு திசையிலிருந்து பறந்து வர வைப்பேன். அதுதான் சினிமா மாதிரி இருக்கும் என்று நம்பினேன். ஆனால் சினிமாவில் அறையில் இருக்கிற பொருள்கள் பறப்பதில்லை, கேமராதான் நகர்கிறது. பார்க்கிறவரின் கண்ணைக் கைபிடித்துக் கூட்டிப்போவது அந்த நகர்வுதான். ஸ்லைடில் அதைச் செய்ய எனக்குக் கிடைத்த வழி மார்ஃப் டிரான்ஸிஷன். அடுத்தடுத்த இரண்டு ஸ்லைடுகளில் ஒரே பொருள் வேறு இடத்தில் அல்லது வேறு அளவில் இருந்தால், முதல் நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு அதை மெல்ல நகர்த்திக் காட்டும் வசதி இது. 2015 கடைசியில் ஆபீஸ் 365 சந்தாதாரர்களுக்கு வந்தது. சந்தா இல்லாத பதிப்புகளில் பவர்பாயிண்ட் 2019-லிருந்து இருக்கிறது.

இதயத்தில் ரத்தம் ஓடும் விதத்தைச் சொல்லும் ஒரு பாடத்தை எடுத்துக்கொள்கிறேன். முதல் ஸ்லைடில் முழு இதயம். அந்த ஸ்லைடை அப்படியே டியூப்ளிகேட் செய்து, இரண்டாவதில் படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கி, வலது ஏட்ரியம் (இதயத்தின் மேலறை) நடுவில் வரும்படி இழுத்து வைத்தேன். (படத்தில் நமக்கு இடப்பக்கம் தெரிவதுதான் வலது ஏட்ரியம். புதிதாகப் படிக்கிறவர்கள் தடுமாறும் இடம் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும்.) மூன்றாவதில் மூவிதழ் வால்வைத் தாண்டி வலது வென்ட்ரிக்கிள், அதாவது கீழறை. அடுத்து நுரையீரல் தமனி வழியாக நுரையீரல். இந்த ஸ்லைடுகளுக்கு மார்ஃப் கொடுத்தவுடன் கேமரா உள்ளே நுழைந்து ரத்தத்தோடு கூடவே போவது போல் ஆகிவிட்டது. ஒரு சின்ன நீல வட்டத்தை ரத்தத்துளியாக வைத்திருந்தேன். நுரையீரலை விட்டு வெளியே வரும் ஸ்லைடில் அதன் நிறத்தைச் சிவப்பாக மாற்றினேன். மார்ஃப் நிறத்தையும் மெல்ல மெல்ல மாற்றும். ஆக்சிஜன் ஏறுவதை விளக்க நான்கு வரி எழுதி வைத்திருந்தேன், அந்த ஒரு நிறமாற்றத்தைப் பார்த்ததும் நான்கையும் அழித்துவிட்டேன்.

சிக்கலும் இதே பாடத்தில்தான் வந்தது. ஒரு துளி போதாதென்று பல துளிகள் வைத்தேன், எல்லாமே அந்த ஒரே வட்டத்தின் நகல்கள். அதனால் எது எதுவாக மாற வேண்டும் என்பது குழம்பி, துளிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. ஸ்லைடில் உள்ள பொருள்களைப் பட்டியலாகக் காட்டும் செலக்ஷன் பேனைத் திறந்து, ஒவ்வொரு துளிக்கும் !! என்று தொடங்கும் ஒரு பெயர் வைத்து, எல்லா ஸ்லைடுகளிலும் அதே பெயரைக் கொடுத்தால் சரியாகிவிடும். ஆல்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் அந்தப் பேன் திறக்கும். இது தெரியாமல் இரண்டு ராத்திரி வீணானது. இப்போதெல்லாம் படம் வைத்தவுடன் முதல் வேலையே பெயர் வைப்பதுதான்.

அப்புறம் படத்தின் தரம். சிறிய படத்தைப் பெரிதாக்கினால் மங்கும். அதனால் எந்த இடத்தில் மிக நெருங்கிப் போகிறோமோ, அந்த அளவுக்குத் தெளிவான படத்தை முதலிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பவர்பாயிண்டில் படங்களைச் சுருக்கும் அமைப்பையும் அணைத்துவிடுவேன்.

நேரக்கணக்கை விளக்கக்குரல்தான் முடிவு செய்ய வேண்டும். முன்பு அனிமேஷனை முடித்துவிட்டுக் குரலை அதற்குள் திணிப்பேன், கேட்கவே மூச்சுமுட்டும். இப்போது குரலை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். 'வால்வு' என்ற சொல் வருவதற்கு அரை நொடி முன்பே நகர்வு தொடங்கினால், சொல் காதில் விழும்போது கண் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். மார்ஃபுக்கு மூன்று நொடி கொடுக்கிறேன். ஒருமுறை ஒரு நொடியில் வேகமாக உள்ளே நுழைய வைத்திருந்தேன். தலைசுற்றுகிறது என்று ஒரு மாணவி எழுதியிருந்தார். அதற்கப்புறம் வேகமான ஜூம் வைத்ததே இல்லை.

பல்லூடகக் கற்றலை ஆராய்ந்த ரிச்சர்ட் மேயர், பாடத்துக்குச் சம்பந்தமில்லாத அலங்காரங்களை நீக்கினால் கற்றல் மேம்படும் என்கிறார். அதைப் படித்த வாரத்தில் பின்னணியில் மிதந்த ஒளித்துகள்களையெல்லாம் எடுத்துவிட்டேன். அவற்றைச் செய்ய ஒரு நாள் முழுக்க உழைத்திருந்தேன், எடுக்க மனசே வரவில்லை.

கடைசியில் எம்பி4 வீடியோவாக, 1080பி அளவில் எடுக்கிறேன். வீடியோவாக்கிவிட்டால் கிளிக் செய்து திறக்கும் இணைப்புகளும், ஒரு பொருளைக் கிளிக் செய்தால் அனிமேஷனைத் தொடங்கும் டிரிகர்களும் வேலை செய்யாது. அதனால் கேள்விகளைத் தனியாகத்தான் சேர்க்க வேண்டும். ஸ்லைடு கோப்பாகவே கொடுப்பதென்றால், மார்ஃப் இல்லாத பழைய பதிப்பில் அந்த நகர்வெல்லாம் வெறும் ஃபேடாக, அதாவது ஒரு ஸ்லைடு மங்கி அடுத்தது தோன்றுவதாகத்தான் தெரியும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அனுப்புவதற்கு முன் ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டு ஓட்டிப் பார்ப்பேன். இதயப் பாடத்தில் வென்ட்ரிக்கிளிலிருந்து தமனிக்குத் திரும்பும் இடத்தில் எங்கே பார்ப்பது என்று இன்னமும் ஒரு கணம் குழப்பமாக இருக்கிறது. அடுத்த திருத்தத்தில் அந்த இடத்தில் இன்னொரு ஸ்லைடு சேர்க்கப் போகிறேன்.