டிடி ஃப்ரீ டிஷ்: டிவியைப் பாதி விட நினைக்கும் வீட்டுக்கு

இரவு விவாதக் கூச்சலும் மாமியார் மருமகள் சதியும் வேண்டாம், டிவியைத் தூக்கிப் போடவும் வீட்டில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். இப்படி இழுபறியில் இருக்கும் தமிழ் வீடுகளுக்கு, தூர்தர்ஷனையும் ஆகாசவாணியையும் நடத்தும் பிரசார் பாரதியின் இலவச டிஷ் சேவையான ஃப்ரீ டிஷ் பொருத்தமான கருவி. காரணம் கொஞ்சம் விசித்திரமானது. தமிழில் பார்க்க இதில் அதிகம் எதுவும் இல்லை. மற்றவர்கள் குறையாகச் சொல்லும் அதுதான் இங்கே பலம்.

2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய சேவை இது. மாதக் கட்டணம் கிடையாது. செட்-டாப் பெட்டி, டிஷ், எல்.என்.பி. (டிஷ்ஷின் முன்னால் நின்று அலையைப் பிடிக்கும் சிறு கருவி), கேபிள், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2,000 ரூபாய் ஆகும். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். கேபிளுக்கு மாதம் 280 ரூபாய் கட்டும் வீட்டில் ஏழெட்டு மாதத்தில் போட்ட காசு திரும்பிவிடும்.

தமிழுக்கு முக்கியமாகக் கிடைப்பது டிடி தமிழ், அதாவது 2024 ஜனவரி வரை பொதிகை என்று இருந்தது. பெரிய தனியார் தமிழ்ச் சேனல்கள் பெரும்பாலும் இல்லை. தனியார் இடங்களை ஆண்டுதோறும் ஏலம் விடுவதால் பட்டியல் மாறும். ஏப்ரல் 1 வாக்கில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். இவை தவிர ஸ்வயம் பிரபா, பி.எம். இ-வித்யா பாடச் சேனல்களும், ஆகாசவாணியின் நாற்பதுக்கும் மேற்பட்ட வானொலி நிலையங்களும் வருகின்றன. திரை அணைந்திருக்க வானொலி மட்டும் கேட்கலாம் என்பதைக் கடைக்காரர்கள் சொல்வதே இல்லை. டிவியின் அமைப்பில் படத்தை அணைக்கும் வசதி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் பெட்டியின் ஏ.வி. வெளியீட்டை ஒரு ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் போதும்.

கிரிக்கெட் போய்விடுமே என்ற கவலைக்கும் பதில் உண்டு. தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களின் ஒளிபரப்பைப் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்கிறது 2007-ம் ஆண்டுச் சட்டம். அவை டிடி ஸ்போர்ட்ஸில், அதுவும் ஃப்ரீ டிஷ் போன்ற தூர்தர்ஷனின் சொந்த வழிகளில் மட்டும், வரும். ஐ.பி.எல். இதில் சேராது.

இனிப் பொருத்துவது. செயற்கைக்கோள் ஜிசாட்-15, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரி. சென்னையில் தென்கிழக்காக, வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் 134 டிகிரி திசையில், சுமார் 68 டிகிரி உயரத்தில் இருக்கும். மதுரையில் திசை 122 டிகிரி, உயரம் ஏறக்குறைய அதேதான். அந்தத் திசையில் தென்னை மட்டையோ தண்ணீர்த் தொட்டியோ குறுக்கே வரக்கூடாது. 60 செ.மீ. டிஷ் போதும். கம்பம் நேர்செங்குத்தாக நிற்கிறதா என்று முதலில் மட்டக்கருவியால் பாருங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் டிஷ்ஷின் அளவுகோல் எல்லாமே பொய் சொல்லும். ஆஃப்செட் டிஷ் (எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கம் தள்ளி நிற்கும் வகை) என்பதால் அதன் முகம் 68 டிகிரிக்கு நிமிர்ந்து தெரியாது. கண்ணை நம்பாமல் அளவுகோலைப் பாருங்கள்.

மெனுவில் ஜிசாட்-15 அல்லது 93.5 தேர்ந்தெடுங்கள். பழைய பெட்டிகளில் இன்சாட் 4பி என்றிருக்கும். எல்.என்.பி. வகை யுனிவர்சல், 9750/10600. டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோளின் ஒரு அலைவரிசை) அதிர்வெண் 11090, போலரைசேஷன் செங்குத்து, சிம்பல் ரேட் 29500. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: 'சிக்னல் ஸ்ட்ரெங்த்' 80 காட்டினால் சரியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அது கேபிளும் எல்.என்.பி.யும் உயிரோடு இருப்பதை மட்டுமே சொல்கிறது. 'குவாலிட்டி' ஏறும்வரை டிஷ்ஷை மெல்ல அசையுங்கள், ஒவ்வொரு அசைவுக்கும் பிறகு சில நொடி காத்திருங்கள். பிறகு எல்.என்.பி.யைச் சுற்றுங்கள். நம் அட்சரேகையில் இந்தக் கோளுக்கு அது நேராக நிற்காது, 45 டிகிரி அளவுக்குக்கூடத் திரும்பி நிற்கலாம். பாதிச் சேனல் வந்து பாதி வராமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கடைசியில் 'எஃப்.டி.ஏ. மட்டும்', அதாவது இலவசச் சேனல் மட்டும், என்று ஸ்கேன் செய்யுங்கள், இல்லாவிட்டால் பூட்டிய கட்டணச் சேனல்களும் வந்து குவியும்.

பெட்டி வாங்கும்போது எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் புதிய முறை) என்று கேட்டு வாங்குங்கள். பழைய எம்பெக்-2 பெட்டியில் ஒரு பகுதிச் சேனல்கள் வராது. சில புதிய டிவிகளில் சாட்டிலைட் டியூனர் உள்ளேயே இருக்கிறது, அப்போது தனிப் பெட்டிகூடத் தேவையில்லை. ஏற்கெனவே டி.டி.எச். (கட்டண டிஷ் சேவை) டிஷ் மாடியில் இருந்தால் திருப்பிப் பயன்படுத்தலாம்: டாடா ப்ளே 83, டிஷ் டிவி 95, ஏர்டெல் 108.2 டிகிரி என்று ஒவ்வொன்றும் வேறு பக்கம் பார்த்திருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் பலத்த மழை வந்தால் படம் நிற்கும். இந்தச் சேவை பயன்படுத்தும் கேயூ பேண்ட் அலைகளின் குணம் அது, பழுதில்லை. மழை விட்ட பிறகும் வராவிட்டால் எல்.என்.பி. முனையில் தண்ணீர் இறங்கியிருக்கும். கேபிளை முனைக்கு முன் ஒரு வளையம் தொங்கவிட்டு, இணைப்பின் மேல் ரப்பர் டேப் சுற்றினால் இந்தத் தொல்லை இல்லை. கடலோர ஊர்களில் ஆணிகள் துருப்பிடிக்கும், கிரீஸ் தடவுங்கள்.

இப்போது குறைகள். இந்திச் செய்திச் சேனல்களும் சினிமாச் சேனல்களும் ஏராளம். இந்தி தெரிந்த வீட்டில் கூச்சல் மொழி மாறி வந்து உட்காரும். அவற்றைப் பூட்டுங்கள், பூட்டின் ரகசிய எண் பெரும்பாலும் 0000, உடனே மாற்றிவிடுங்கள். பூட்டாமல் பட்டியலிலிருந்து அழித்தால், மறுபடி ஸ்கேன் செய்யும்போது அவை திரும்ப வரும். தூர்தர்ஷன் செய்தி நிதானமானது, ஆனால் அரசின் குரல். எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்று தெரிய ஒரு பத்திரிகை போட்டுக்கொள்வது நல்லது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஸ்மார்ட் டிவியில் இருக்கிறது. தமிழ்ச் செய்திச் சேனல்கள் யூடியூபில் நேரலையாக இலவசமாகக் கிடைக்கின்றன. வைஃபை இணைந்திருக்கும்வரை ஃப்ரீ டிஷ் மாட்டுவது வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லையைத் திறந்து வைப்பதுதான். டிவி அமைப்பில் நெட்வொர்க்கை மறக்கச் செய்தால் மட்டும் போதாது, யாராவது கடவுச்சொல்லை மறுபடி போடுவார்கள். ரவுட்டரில் டிவியின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) தடுங்கள்.

சீரியலைச் செல்பேசியில் பார்க்கும் வீட்டுக்கு இந்தப் பெட்டி வீண்செலவு. பகலெல்லாம் தனியாக இருக்கும் பெரியவர்களிடம் கேட்காமல் கேபிளைத் துண்டிப்பதும் சரியில்லை. இரண்டு மாதம் இரண்டையும் வைத்திருந்து, பிறகு முடிவு செய்யுங்கள். டிவியில் இரண்டு எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் அது எளிது. கேபிளை நிறுத்தும்போது பழைய பெட்டி, ரிமோட், அடாப்டர் மூன்றையும் கொடுத்து ரசீது வாங்குங்கள். டி.டி.எச். என்றால் ரீசார்ஜ் செய்யாமல் விட்டாலே நின்றுவிடும், ஆனால் வங்கிக் கணக்கில் தானியங்கிப் பணம் எடுப்புக்கு அனுமதி கொடுத்திருந்தால் அதை முதலில் ரத்து செய்யுங்கள்.